பத்தாம் தேதி வந்த ஆடு

ஏப்ரல் 3, ஞாயிறு

இந்தத் தவக்காலத்துக்கு நான் விட்டிருப்பது நக்கல். மற்ற டீச்சர்கள் காபியை விட்டார்கள், சீரியலை விட்டார்கள். என்னிடம் மட்டும் யூஜின் சாமி, "தெக்லா, உனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். ஈஸ்டர் வரைக்கும் யாரையும் கிண்டல் பண்ணாம இரு பாப்போம்" என்று கேட்டுக்கொண்டார். இருக்கிறேன். டைரிக்கு வாய் கிடையாது, ஆகவே இதில் எழுதுவது கணக்கில் வராது என்று கணக்கு டீச்சராகிய நானே தீர்ப்பளித்துவிட்டேன்.

இன்று பூசை முடிந்ததும் சாமி பீடத்திலிருந்தே கேட்டார். "வருஷா வருஷம் பாஸ்கா, பாஸ்கான்னு பாடுறோம். பாஸ்கான்னா என்ன?"

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு லெயோனா அக்கா, "பெரிய மெழுகுதிரி, சாமி" என்றாள்.

சாமி வெளிநாட்டில் வேதம் படித்துவிட்டு வந்தவர். இந்தச் சிப்பிமுனைக்கு வந்து இன்னும் ஒரு சுறாவைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பாவம், பொறுமையாகச் சொன்னார். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த சனம் வீட்டுக்கு ஓர் ஆடு அடித்து, அதன் இரத்தத்தை நிலைக்காலில் பூசிக்கொண்டது. அன்றைக்கு வந்த சாவு, அந்த வீடுகளை மட்டும் கடந்து போனது. அப்படிக் கடந்துபோனதுதான் பாஸ்கா. ஆண்டவர் கடைசியாகச் சீடர்களோடு உட்கார்ந்து உண்டதும் அந்தப் பண்டிகை விருந்தில்தான். ஆகவே இந்தப் பெரிய வியாழன் சாயங்காலம், பூசைக்கு முன்னால், மறைக்கல்விக் கூடத்தில் அதே மாதிரி ஒரு விருந்து. இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல். நின்றபடியே, அவசர அவசரமாக. புளிக்காத அப்பம், கசப்புக் கீரை, ஆடு.

"அந்த ஆட்டப் பத்தாம் நாள் தெரிஞ்செடுத்து, பதினாலாம் நாள் வரைக்கும் வீட்டுக்குள்ள வச்சு வளக்கணும். இந்த வருஷம் குருத்து ஞாயிறு பத்தாம் தேதி, பெரிய வியாழன் பதினாலாம் தேதி. காலண்டரே நமக்காக அச்சடிச்ச மாதிரி இருக்கு."

அது அவர்கள் மாதத்தின் பத்து, நம் ஏப்ரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நக்கலில் சேருமோ என்று மூடிக்கொண்டேன்.

அடுத்து சொன்னதில்தான் ஊர் கலங்கியது. அந்தப் பண்டிகைக்கு வீட்டில் புளித்த மாவு எதுவும் இருக்கக்கூடாதாம். பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. அம்மா என் காதில், "ஏட்டி, அப்ப இட்லி மாவு?" என்றாள். நாலு பேர் அதையே சத்தமாகக் கேட்டார்கள். சாமி இட்லியை யோசித்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஆட்டை எந்த வீட்டில் வளர்ப்பது? சுற்றுச்சுவரும் கதவும் ஒழுங்காக உள்ள வீடு எங்களுடையது. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அப்போது சாமி இன்னொரு விதியையும் சொன்னார். ஓர் ஆட்டைத் தின்ன ஆள் போதாத வீடென்றால், பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று. லெயோனா அக்கா உடனே கை தூக்கினாள்.

ஆள் போதாத வீடு. அப்பா போனபின் அம்மாவும் நானும்தான். பெண் பார்க்க வந்தவர்களும் பஜ்ஜி தின்றுவிட்டு இந்த வீட்டைக் கடந்து போய்விட்டார்கள். எங்களுக்குப் பாஸ்கா ஒன்றும் புதிதில்லை. இது என்மேல் நானே அடித்த நக்கல், விரதம் முறியாது.

ஏப்ரல் 6, புதன்

பங்குப் பேரவைக் கூட்டம். தலைவர் கயத்தான் மாமா, சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவர், கடலுக்குப் பேசும் குரலில்தான் கரையிலும் பேசுவார்.

"சாமி, தவக்காலம் பூரா கறிய மோந்துகூடப் பாக்காத ஊரு இது. ஆண்டவரு பாடுபட்ட வாரத்துல ஆடு அடிச்சுத் திங்கச் சொல்லுதியளே."

"ஒரு துண்டு போதும் மாமா. அடையாளத்துக்கு."

"அடையாளத்துக்குன்னா மீன வைப்போம். கடலத் தாண்டி வந்த சனம், ஒரு சீலா மீனாவது புடிச்சிருக்காதா?"

சாமி தலையைப் பிடித்துக்கொண்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாமியும் மாமாவும் ஊருக்காக ஆளுக்கொரு துண்டு வாயில் வைப்பது, மிச்சம் பிள்ளைகள் விடுதிக்கு. ஆட்டைக் கொண்டுவந்து விடவும் வியாழக்கிழமை அறுக்கவும் கடைவீதிக் கறிக்கடை ராயப்பனுக்குச் சொல்லிவிட்டார்களாம். தவக்காலத்தில் அந்த மனிதரைப் போல ஓய்வாக இருக்கிற ஆள் வேறு யார்.

ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு

ஆடு வந்துவிட்டது. மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் நின்றபடி, ஊர்வலத்துக்கு வந்த பெரிய மனிதரைப் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது. வெள்ளைச் செம்மறி, ஒரு வயதுக் கிடாய், ஒரு மறு கிடையாது. ஓட்டிவந்த கறிக்கடைக்காரர் உயரம், வழுக்கை ஆரம்பம், பேச்சு குறைவு.

"புடிங்க டீச்சர்."

"கடிக்குமா, அண்ணே?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து அம்மாவுக்குப் பயங்கர இருமல். "அண்ணே, தண்ணி எதுல வைக்க?" என்றேன். மறுபடி இருமல். மருந்து வாங்க வேண்டும்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க" என்றார் அவர். "பேரு வச்சிராதீங்க. பேரு வச்சா பெறவு கத்தி எறங்காது."

சரி என்றோம். அவர் தெரு முனை திரும்புவதற்குள் அம்மா அதற்கு ராசா என்று பெயர் வைத்துவிட்டாள். நான் வைக்கவில்லை. எனக்கு அது அதுதான்.

சாயங்காலம் அது திருஇருதயப் படத்தில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையைத் தின்றது. பிறகு லெயோனா அக்கா வீட்டுக் குருத்தோலையை. பிறகு வேலியைத் தாண்டிப்போய் யார் வீட்டிலோ. இந்தத் தெருவில் மந்திரித்த ஓலை இப்போது இருப்பது அதன் வயிற்றுக்குள் மட்டும்தான்.

ஏப்ரல் 11, திங்கள்

கறிக்கடைக்காரர் காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார். அகத்திக்கீரை கொண்டுவந்தார். ஆட்டின் கண்ணைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், சும்மா உட்கார்ந்திருந்தார். ஆட்டைப் பார்க்க வருகிறவர் எதற்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் நீலச் சேலை கட்டியது பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்பதால். ஆய்வு நாளைக்குத்தான். இன்று ஒத்திகை.

ஏப்ரல் 12, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் ஆட்டின் வலது காதில் ஒரு வெட்டு. விரல் நகம் அளவுக்குத் துண்டு எடுத்து, மஞ்சள் அப்பியிருக்கிறது.

"எம்மா, என்ன இது?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

"கதவு மஞ்சளும் பூசிவிட்டுச்சா?"

இது நக்கலா, விசாரணையா என்று நான் யோசிப்பதற்குள் சாமி வந்துவிட்டார். காதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. பாஸ்கா ஆடு பழுதற்றதாக இருக்க வேண்டும். ஊனம், வெட்டு, காயம் எதுவும் கூடாது. பின்னாலேயே வந்த கறிக்கடைக்காரர் குனிந்து ஒரே பார்வை பார்த்தார்.

"சாமி, இது நேர்ச்சக் காது. அந்தோணியாருக்கு நேந்து விட்டிருக்காவ. வருஷா வருஷம் குருசடித் திருநாள்ல ஊருக்குச் சோறு போடுத அசனத்துக்கு நான்தான வெட்டுதேன். கூலியா தலையும் தோலும் என் பங்குக்கு வருது. இந்த வெட்டு எனக்குத் தெரியாதா?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். இன்று செவ்வாய், அந்தோணியார் நாள். காலையிலேயே குருசடிக்குப் போய்வந்திருக்கிறாள்.

"முட்டு வலிக்கு நேந்தேன்" என்றாள் அம்மா. அவளுக்கு முட்டு வலி கிடையாது. முந்தாநாள் வேலி தாண்டி ஆட்டைத் துரத்தியவள் அவள்தான்.

நேர்ந்த ஆட்டை வேறு காரியத்துக்குத் தொட முடியாது. சாமி சோர்ந்து போனார். கறிக்கடைக்காரர், "வெசனப்படாதிய சாமி, வியாழக்கெழம வேற ஒண்ணு கொண்டாரேன்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் அப்பாடா என்றிருந்தது. பிறகு அந்த வேற ஒண்ணு நினைவுக்கு வந்தது. அதற்கு எங்கள் வீட்டில் தங்கக் கொடுத்துவைக்கவில்லை, அம்மா பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதானே வித்தியாசம். நான் கொஞ்சம் அழுதேன். தவக்காலத்தில் அழலாம்.

ஏப்ரல் 13, புதன்

ஊர் முழுக்கக் காலையில் இட்லி, மதியம் இட்லி. நாளைக்குள் மாவைத் தீர்க்க வேண்டுமாம். பழைய புளிப்பு என்றால் மனதில் கிடக்கிற பகையும் கெட்ட எண்ணமும்தான், அதைத்தான் கொட்டச் சொன்னேன் என்று சாமி தெருத்தெருவாக விளக்குகிறார். யாரும் கேட்பதாக இல்லை. பகையைக் கொட்டுவதைவிட மாவை அவிப்பது சுலபம்.

கூடத்து நிலைக்காலுக்குச் சிவப்புப் பூச வேண்டும் என்று சாமி சொல்லியிருந்தார். குங்குமத் தண்ணீர் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். கயத்தான் மாமா வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ட்டோடு வந்தார். அது உப்புத்தண்ணீருக்கே அசையாத பெயின்ட். கூடத்தோடு நிற்காமல், இருக்கிற சந்தோஷத்தில் ஊரில் எல்லா நிலைக்காலுக்கும் அடித்துவிட்டார்கள், எங்கள் வீட்டுக்கும்.

நான் பள்ளியில் ஓய்வு வேளை முழுக்க வேதாகமத்தைப் புரட்டினேன். ஓர் ஆட்டைத் தப்பவைக்க ஒரு வரி கிடைக்காதா என்றுதான், பெரிய பக்தியெல்லாம் இல்லை. கடைசி இராவுணவு வருகிற இடங்களை மாற்றி மாற்றிப் படித்தேன். அப்பம் இருக்கிறது. திராட்சை இரசம் இருக்கிறது. தொட்டு உண்கிற பாத்திரம்கூட இருக்கிறது. ஆடு எங்கே? பாஸ்காவுக்கு ஆயத்தம் செய்யச் சொல்கிறார்கள், பந்தியில் உட்காருகிறார்கள், ஆட்டுக்கறி சாப்பிட்டதாக ஒரு சொல் இல்லை.

மணி அடித்ததும் நேரே சாமி பங்களாவுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். சாமி முதலில், சொல்லாததால் இல்லை என்று ஆகாது, அது இது என்று படித்த படிப்பையெல்லாம் எடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றவர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"தெக்லா, ஆடு மேசைமேல இல்ல. மேசைக்குப் பின்னால உக்காந்திருந்துச்சு. அப்பத்தப் புட்டு எல்லாருக்கும் குடுத்துட்டிருந்துச்சு."

எனக்குச் சிலிர்த்தது.

"இத நான் விடைத்தாள்ல எழுதிப் பரிசு வாங்கினவன்" என்றார். "எழுதிட்டு ஆட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன் பாரு. ஆண்டவரு தன்னையே குடுத்து, ஒரே தடவையா போதும்னு முடிச்சிட்டாரு. நாளைக்கி ஆடு வேண்டாம். அப்பமும் கீரையும் போதும். ஆடு வைக்கிற தட்டு வெறுமனே இருக்கட்டும், யாராவது ஏன்னு கேட்டா சொல்லலாம்."

பறந்து வீட்டுக்கு வந்தேன். வந்தால் வாசலில் கறிக்கடைக்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஆடு உடம்பெல்லாம் சிவப்பாகச் சாய்ந்து கிடக்கிறது.

"யாரு டீச்சர் வெட்டுனது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இப்பிடியா வெட்டிப் போடுவாவ?" அவர் குரல் உடைந்துவிட்டது.

"பெயின்ட்டு" என்றேன். "நெலையில போய் ஒரசிட்டு வந்து தூங்குது."

ஆடு எழுந்து உதறியது. தேய்த்துப் போட்ட அவர் சட்டையெல்லாம் சிவப்புப் புள்ளி. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். நான் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். இவ்வளவு சிரித்து எவ்வளவு நாளாயிற்று. நக்கல் இல்லை, வெறும் சிரிப்பு.

அதற்குப் பிறகு அண்ணே என்று கூப்பிட வரவில்லை. கூப்பிடாமலே பேசிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 14, பெரிய வியாழன்

விருந்து நடந்தது. முதல் தகராறு செருப்பு. எல்லாரும் வழக்கம்போல வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். சாமி கெஞ்சினார், போட்டுக்கொண்டு வாருங்கள், பயணத்துக்குத் தயாராக நிற்கிறோம் என்று. "செருப்போட சாப்பாடா, சாமி?" என்று லெயோனா அக்கா அழாத குறை. கோல் கேட்டதற்கு ஊரில் உள்ளவர்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கயத்தான் மாமா துடுப்பு மின்விசிறியில் பட்டு, விசிறி ஒரு பக்கமாகத் தொங்கியது. சப்பாத்தி மாதிரி அப்பம், வேப்பங்கொழுந்துத் துவையல். பிள்ளைகள் கசப்பில் முகம் சுளிக்க, நடுவில் வெறும் தட்டு. சிவப்பும் வெள்ளையுமாக ராசா உள்ளே நுழைந்து, அந்தத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, மாமாவின் அப்பத்தைத் தின்றான்.

"ஆட்டுக்குத் தட்டு வச்சிருக்கீங்க, ஆடே வந்து சாப்பிடுது. இது என்ன சடங்கு?" என்று மாமா கேட்டார். சாமி சொன்னார். நேற்று என்னிடம் சொன்னதைவிட எளிமையாகச் சொன்னார். கயத்தான் மாமா தலைத்துண்டை எடுத்துவிட்டார்.

பூசையில் பாதம் கழுவுகிற சடங்குக்குப் பேர் கொடுத்திருந்தவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சாமி சுற்றிப் பார்த்துவிட்டு ராயப்பனைக் கூப்பிட்டார். ராயப்பன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாமி முழங்காலிட்டு அவர் காலைக் கழுவி, துடைத்து, முத்தம் கொடுத்தார்.

வெளியே வந்தபின் அவர் என்னிடம் சொன்னார். "பொண்ணு கேட்டுப் போற எடத்துலல்லாம் எங்கையத்தான் பாப்பாவ, டீச்சர். வெட்டுத கைன்னு. இன்னைக்கி ஒருத்தரு எங்காலத் தொட்டாரு."

நானும் அவர் கையைப் பார்த்தேன். சுத்தமான கை.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

இன்று எழுதக்கூடாது. ராசாவின் காது ஆறிவிட்டது.

ஏப்ரல் 17, ஈஸ்டர்

அல்லேலூயா. ஊர் மொத்தமும் கறிக்கடையில். நானும் போய் வரிசையில் நின்றேன். இதுவரை கறி வாங்க அம்மாதான் போவாள். அவளுக்கு முட்டு வலியாமே. ராயப்பன் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், முன்னால் நின்றவருக்கு ஈரல் கேட்டதற்கு நெஞ்செலும்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கோயில் ஒலிபெருக்கியில் வருகிற பாட்டுக்குப் பாட்டு ராசா கத்துகிறான். இட்லியும் கறிக்குழம்பும். மாவு எப்படி அதற்குள் புளித்தது என்று கேட்டேன். "கொட்டுனாத்தான?" என்றாள் அம்மா. பழைய மாவை லெயோனா அக்கா வீட்டுக் குளிர்பெட்டியில் ஒளித்துவைத்திருக்கிறாள். மீட்பின் மகிமை எங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சில நாளாகும்.

மூன்று மணி வாக்கில் மொபெட் சத்தம். ராயப்பன் கையில் அகத்திக்கீரை இல்லை.

"ஆட்டப் பாக்க வரல" என்றார். "ஒங்கம்மாட்ட ஒரு வார்த்த கேக்க வந்தேன். அதுக்கு முன்னால ஒங்ககிட்ட கேக்கணும்."

கேட்டார். நான் கணக்கு டீச்சர், பதில் தெரிந்த கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அம்மா முந்திக்கொண்டாள். அந்தோணியார் படத்துக்கு முன்னால் தடால் என்று முழங்காலிட்டு, "புதுமைக்காரரே, செவ்வாக்கெழம கேட்டேன், ஞாயித்துக்கெழம குடுத்துட்டீரே. கோயில்ல கல்யாண ஓலை வாசிச்ச கையோட ராசாவ ஒமக்குக் கொண்டாந்து விட்டுருதேன்" என்று அழுதாள்.

ஆகவே முட்டு வலி நான்தான்.

ஏப்ரல் 19, செவ்வாய்

நிலைமையை எழுதிப் பார்க்கிறேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமானால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஓலை வாசித்தால் அம்மாவின் நேர்ச்சை பலித்துவிட்டது என்று அர்த்தம். பலித்தால் ஜூன் 13, அந்தோணியார் திருநாளில் ராசா அசனப் பானைக்குப் போவான். அவனை வெட்டுகிற ஆள் மாப்பிள்ளை. நான் சம்மதம் சொல்லாவிட்டால் ராசா உயிரோடு இருப்பான்.

ஆட்டுக்காகக் கல்யாணத்தை விட்ட பெண் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும் என்று நேரே கடைக்குப் போய், "முடியாது" என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். கறிக்கடை நடுவில் நின்றுகொண்டு.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "எனக்கும் அதே நெனப்புதான். நேத்து அம்மாட்ட வேற ஆடு தாரேன்னு கேட்டுப் பாத்தேன். அந்தோணியாரு கண்ணுல மண்ணத் தூவச் சொல்லுதியான்னு வெரட்டிட்டாவ" என்றார். பிறகு, "ஜூன் வரைக்கும் நாளு கெடக்கு. எம்மேல நம்பிக்க இருந்தாச் சரின்னு சொல்லுங்க" என்றார்.

"என்ன செய்வீங்க?"

"தெரியல" என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். தெரியல என்றதால் சரி என்றேன். வீடு வரை ஓடினேனா நடந்தேனா என்று தெரியாது. வாசலில் ராசா என் முந்தானையை மென்றான். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மே 8, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். சாமி என் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னபோது காது சூடாகிவிட்டது. தடை ஏதும் உண்டென்றால் சொல்லுங்கள் என்றபோது வெளியே ராசா கத்தினான். கோயிலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஜூன் 13, திங்கள், அந்தோணியார் திருநாள்

மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் அம்மா ராசாவுக்கு மாலை போட்டாள். போட்ட மாலையில் பாதியை அவன் தின்றான். குருசடிக்குப் பின்னால் அசனப் பந்தல், நேர்ந்த கிடாய்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அம்மா கயிற்றைக் கயத்தான் மாமா கையில் கொடுத்து, "கணக்குத் தீந்துது, புதுமைக்காரரே" என்றாள். சொல்லிவிட்டு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் ராசாவைப் பார்க்காமல் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராயப்பன் வந்தார். இடுப்பில் துண்டு கட்டியிருந்தார், கத்தியை எடுக்கவில்லை.

"மாமா, வேல தொடங்குததுக்கு முன்னால கூலி பேசிருவோம்."

"புதுசா என்னய்யா பேச? வழக்கம்போல எல்லாத்துக்கும் தலையும் தோலும் ஒனக்கு."

"இந்த வருஷம் மத்த எல்லாத்தோட தலையும் தோலும் எனக்கு வேண்டாம். அசனத்துக்கே இருக்கட்டும். இந்த ஒண்ணோட தலையும் தோலும் போதும்." ராசாவின் முதுகில் கையை வைத்தார். "ஆனா பிரிக்காம வேணும். இப்ப எப்பிடி ஒட்டியிருக்கோ, அப்பிடியே."

மாமாவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "ஏல, தலைக்கும் தோலுக்கும் நடுவுல கறின்னு ஒண்ணு கெடக்கே. அது ஊருக்குள்ளதுல்லா?"

"அதுக்குப் பதிலா எங்கடக் கெடா ரெண்ட வெளிய கட்டிட்டு வந்திருக்கேன். எடை போட்டுப் பாத்துக்கிடுங்க."

மாமா சாமியைப் பார்த்தார். சாமி அம்மாவைப் பார்த்தார். நேர்ந்தவள் அவள்தானே. எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா கண்ணை மூடி அந்தோணியாரிடம் ஏதோ கேட்டாள். பதில் உடனே வந்துவிட்டது போலிருக்கிறது.

"நான் குடுத்துட்டேன். அவரு வாங்கிட்டாரு. வாங்குனத அவரு கூலியாக் குடுத்தா, நான் யாரு கேக்க?"

நான் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், ராயப்பன் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன் இப்படி யாரும் செய்ததில்லை என்று லெயோனா அக்கா வாழ்நாளெல்லாம் சொல்லப்போகிறாள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். வெளியே கட்டியிருந்த இரண்டும் போயின. வெள்ளையும் கறுப்புமாக, பெயர் வைக்கப்படாதவை. அவற்றையும் நான் போய்ப் பார்த்தேன். இனிமேல் என் புருஷனின் தொழில் இதுதான், பார்க்காமல் இருக்க முடியாது. ஒன்று பிழைக்க வேறொன்று சாவது. மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொடுத்திருப்பேன், இன்றைக்குத்தான் அதற்கு முகம் பார்த்தேன். சோறு இறங்க நேரமாயிற்று. யூஜின் சாமி என் இலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் கல்யாணம். ராசாவை எங்கே கட்டுவது என்று திரும்பி வரும்போது பேச்சு வந்தது. கடையிலே கட்ட முடியாது, பார்க்கிறவர்கள் விலை கேட்பார்கள் என்றார் அவர்.

"எங்கயும் கட்ட வேண்டாம்" என்றாள் அம்மா. "ஒம்பொண்டாட்டிய நீ கூட்டிட்டுப் போ. எம்புள்ள இங்க இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தோம். வள்ளத்துப் பெயின்ட் ஒரு பொட்டுகூட உதிரவில்லை, நிலைக்கால் இரண்டும் பளபளவென்று சிவப்பாக இருக்கின்றன. ராசா அதில் ஒரு முறை உரசிவிட்டு, சொந்த வீட்டுக்குள் போவது போல உள்ளே போனான். பின்னாலேயே அம்மா, "ஏல, மாவுச் சட்டில வாய வைக்காத" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நானும் அவரும் வாசலிலேயே நின்றோம். அவர் கிளம்புவதாகச் சொல்லி ரொம்ப நேரமாகிவிட்டது, இன்னும் கிளம்பவில்லை.